தாளூட்டு உருளை

தாளூட்டு உருளை என்பது அச்சுப்பொறி, ஒளிநகல் எந்திரம், தொலைநகலி, வருடி ஆகியவற்றில் தாள் அடுக்கிலிருந்து ஒரு நேரத்தில் ஒரு தாளை மட்டும் பிரித்து உள்ளே செலுத்தும் இரப்பர் உருளை ஆகும். இது உராய்வு விசையைக் கொண்டு செயற்படுகிறது. தாள் தூசு படிவதாலும் இரப்பர் மூப்படைவதாலும் இவ்வுராய்வு குறையும்போது, தாள் உள்ளே செல்லாமை, பல தாள்கள் ஒன்றாகச் செல்லுதல், தாள் சிக்குதல் முதலிய கோளாறுகள் தோன்றுகின்றன. இவற்றுள் தூசினால் வரும் கோளாறு துப்புரவினால் நீங்கும். மூப்பினால் வரும் கோளாறு உருளையை மாற்றினால் மட்டுமே நீங்கும். இவ்விரண்டையும் பிரித்தறிவதே இவ்வுருளையைப் பராமரிப்பதன் அடிப்படை ஆகும்.

பெயர்கள்

தமிழ்நாட்டின் ஒளிநகல் கடைகளிலும் பழுதுபார்க்கும் கடைகளிலும் இவ்வுருளை "பிக்கப் ரோலர்", "ஃபீட் ரோலர்" அல்லது வெறுமனே "ரோலர்" என வழங்கப்படுகிறது. தாள்களைப் பிரிக்கும் பட்டை "செபரேஷன் பேட்" எனவும், தாள் சிக்கிக்கொள்ளுதல் "பேப்பர் ஜாம்" எனவும் கூறப்படும். ஒளிநகலையே "ஜெராக்ஸ்" அல்லது "செராக்ஸ்" என்று அழைக்கும் வழக்கம், அவ்வெந்திரத்தை முதலில் பரவலாக்கிய நிறுவனத்தின் பெயரிலிருந்து வந்தது.

வரலாறு

உலர்முறை ஒளிநகலெடுத்தலை அமெரிக்கரான செஸ்டர் கார்ல்சன் 1938 ஆம் ஆண்டு அக்டோபர் 22 ஆம் நாள் முதன்முதலில் செய்து காட்டினார். இம்முறையில் அமைந்த ஜெராக்ஸ் 914 எந்திரம் 1959 ஆம் ஆண்டில் அறிமுகமானது. சாதாரணத் தாளில் தானாகவே நகலெடுத்த இவ்வெந்திரம் 290 கிலோகிராமுக்கும் மேற்பட்ட எடை உடையது. இதில் தாளை அடுக்கிலிருந்து உயர்த்துவதற்குக் காற்றைப் பீச்சும் முறை பயன்பட்டது. காற்று சரியாக வீசாதபோது தாள் சிக்கியது. சிக்கிய தாள் வெப்பப் பகுதியில் கருகுவதும் உண்டு. எனவே தாளூட்டல் சிக்கல் ஒளிநகல் எந்திரத்துடன் உடன்பிறந்தது எனலாம்.

பின்னர் வந்த சிறிய எந்திரங்களில் மலிவும் எளிமையும் கருதி இரப்பர் உருளைகள் பரவலாயின. 1984 ஆம் ஆண்டில் எச்.பி. லேசர்ஜெட் வெளிவந்த பின் சீரொளி அச்சுப்பொறிகள் மேசை மீது வைக்கத்தக்க அளவினை அடைந்தன. இந்தியாவில் 1983 ஆம் ஆண்டில் மோடி ஜெராக்ஸ் நிறுவனம் தொடங்கப்பட்ட பின்னர் ஒளிநகல் கடைகள் சிறு நகரங்களிலும் பெருகின.

இன்றும் மறுதோன்றி அச்சு எந்திரங்கள் பலவற்றில் தாள் காற்றுறிஞ்சு குழல்களால் எடுக்கப்படுகிறது. அலுவலக எந்திரங்களில் பெரும்பாலானவை இரப்பர் உருளையையே நம்பியுள்ளன.

செயற்படும் முறை

தாளூட்டல் மூன்று உராய்வுகளுக்கு இடையிலான ஓர் ஒழுங்கைச் சார்ந்துள்ளது.

1. உருளைக்கும் மேல் தாளுக்கும் இடையிலான உராய்வு மிகக் கூடுதலாக இருத்தல் வேண்டும்.
2. பிரிப்புப் பட்டைக்கும் தாளுக்கும் இடையிலான உராய்வு அதனினும் குறைவாக இருத்தல் வேண்டும்.
3. ஒரு தாளுக்கும் அடுத்த தாளுக்கும் இடையிலான உராய்வு எல்லாவற்றிலும் குறைவாக இருத்தல் வேண்டும்.

தாள்களுக்கு இடையிலான உராய்வுக் கெழு ஏறத்தாழ 0.5 ஐ ஒட்டி அமையும். புதிய இரப்பருக்கும் தாளுக்கும் இடையே அது 1 ஐத் தாண்டும். இவ்வேறுபாடே மேல் தாளை மட்டும் நகர்த்துகிறது. இரண்டு தாள்கள் சேர்ந்து வந்தால், மேல் தாளை உருளை இழுத்துச் செல்ல, கீழ்த் தாளைப் பட்டை தடுத்து நிறுத்துகிறது.

முதலாவது உராய்வு குறைந்தால் தாள் உள்ளே செல்லாது. இரண்டாவது குறைந்தால் பல தாள்கள் ஒன்றாகச் செல்லும். தாள்கள் ஈரத்தினாலோ நிலைமின்னினாலோ ஒன்றோடொன்று ஒட்டி மூன்றாவது கூடினால், உருளை நன்றாக இருந்தாலும் பல தாள்கள் செல்லும். கோளாறு எவ்வகையது என்பதைக் கண்டால், எப்பகுதியைக் கவனிக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

பெரிய ஒளிநகல் எந்திரங்களில் பட்டைக்கு மாற்றாகப் பின்னோட்ட உருளை ஒன்று அமைந்திருக்கும். இது தாள் செல்லும் திசைக்கு எதிராகச் சுழலுமாறு முறுக்குவிசை வரம்பி ஒன்றின் வழியாக இயக்கப்படுகிறது. ஒரு தாள் மட்டும் இருந்தால், ஊட்டு உருளையின் இழுப்பு வரம்பியை வென்று பின்னோட்ட உருளையையும் முன்னோக்கிச் சுழற்றிவிடும். இரண்டு தாள்கள் இருந்தால், அவற்றிடையே உள்ள சிறிய உராய்வு வரம்பியை வெல்லப் போதாது. அப்போது பின்னோட்ட உருளை எதிர்த்திசையில் சுழன்று இரண்டாம் தாளைத் தட்டுக்கே திருப்பி அனுப்புகிறது.

பிரிப்புப் பட்டையின் முதன்மைக்கு எச்.பி. லேசர்ஜெட் 1100 ஓர் எடுத்துக்காட்டு. 1990களின் இறுதியில் வெளிவந்த இவ்வச்சுப்பொறியில் பல தாள்கள் ஒன்றாகச் செல்லும் குறை பரவலாகக் காணப்பட்டபோது, பயனரே பொருத்திக்கொள்ளத்தக்க பிரிப்புப் பட்டைத் தொகுதி வழங்கப்பட்டது.

உருளைகளின் வகைகள்

- எடுப்பு உருளை: தாள் அடுக்கின் மேல் அமர்ந்து முதல் தாளை நகர்த்துவது. சிறிய அச்சுப்பொறிகளில் இது பாதி நிலா வடிவில் இருக்கும்; ஒரு தாளுக்கு ஒருமுறை மட்டும் சுழலும்.
- ஊட்டு உருளை: எடுக்கப்பட்ட தாளை உள்வழிக்குச் செலுத்துவது.
- பின்னோட்ட உருளை அல்லது பிரிப்புப் பட்டை: இரண்டாம் தாளைத் தடுப்பது.
- பதிவு உருளை: தாளின் முன்விளிம்பை நேராக்கி, படிமத்துடன் பொருந்துமாறு உரிய நொடியில் அனுப்புவது.
- தானியங்கு மூலத்தாள் ஊட்டி உருளை: நகலெடுக்க வைக்கப்படும் மூலத் தாள்களை ஒவ்வொன்றாக இழுப்பது. இது "ஏ.டி.எஃப்." எனப்படும் பகுதியில் உள்ளது.

இரப்பர் வகைகள்

மரத்துப் பாலிலிருந்து கிடைக்கும் இயற்கை இரப்பர் மென்மையும் நல்ல பிடிப்பும் உடையது. 1839 ஆம் ஆண்டில் சார்லசு குட்இயர் கண்டறிந்த கந்தக வன்கனிமமாக்கல் முறையினால் அது வெப்பத்திலும் உருக்குலையாத பொருளாயிற்று. எனினும் அதன் மூலக்கூற்றுச் சங்கிலியில் உள்ள இரட்டைப் பிணைப்புகளை ஓசோன் வளிமம் எளிதில் அறுக்கிறது. பழைய ஒளிநகல் எந்திரங்களில் உயர் மின்னழுத்தக் கம்பிகள் மின்னேற்றம் செய்தபோது ஓசோன் உண்டானதால், இது சிறிய சிக்கலாக இருக்கவில்லை. பிற்கால எந்திரங்கள் பலவற்றில் மின்னேற்ற உருளைகள் வந்தபின் ஓசோன் வெளிப்பாடு பெரிதும் குறைந்தது.

எத்திலீன்-புரொப்பிலீன்-டையீன் இரப்பரின் முதன்மைச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்பு இல்லை. எனவே அது ஓசோனையும் வெப்பத்தையும் நன்கு தாங்குகிறது. தாளூட்டு உருளைகளில் மிகுதியாகப் பயன்படுகிறது. தேய்வு கூடிய இடங்களில் பாலியூரித்தேன் பயன்படுகிறது. சூடாக்கும் பகுதியின் அழுத்த உருளை பெரும்பாலும் சிலிக்கோன் இரப்பரால் ஆனது.

உராய்வு குறைவதற்கான காரணங்கள்

தாள் தூசு: எழுதுதாளிலும் நகல்தாளிலும் இழைகளுடன் சுண்ணாம்புக் கார்பனேட்டு, வெண்களிமண், மாவுப்பொருள் ஆகியவை சேர்க்கப்படுகின்றன. கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் 1984 ஆம் ஆண்டில் உற்பத்தியைத் தொடங்கிய தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் போலக் கரும்புச் சக்கையிலிருந்து செய்தாலும், மரக்கூழிலிருந்து செய்தாலும், வெட்டு விளிம்புகளிலிருந்து நுண்தூள் உதிர்தல் தாளின் இயல்பு. இத்தூள் இரப்பரின் நுண்ணிய மேடுபள்ளங்களை நிரப்பிவிடுகிறது. அதன்பின் உருளையைத் தொடுவது தாளும் இரப்பரும் ஆகாது. தாளும் தூளும் ஆகும்.

மெருகேறல்: பல்லாயிரம் தாள்கள் உரசிச் சென்றபின் இரப்பரின் மேற்பரப்பு வழவழப்பாகிப் பளபளக்கிறது.

மூப்பு: வெப்பம், ஆக்சிசன், ஒளி ஆகியவற்றால் இரப்பர் கடினமாகிறது. எந்திரம் பயன்படுத்தப்படாமல் கிடந்தாலும் மூப்பு நிகழும். ஆதலால் குறைவாக அச்சடித்த பழைய எந்திரத்திலும் உருளை பழுதடைந்திருக்கலாம்.

எண்ணெயும் பிசுக்கும்: கை வியர்வை, உணவு எண்ணெய், பசைநாடா எச்சம் ஆகியவை தாள் வழியாக உருளைக்கு மாறுகின்றன.

திருவண்ணாமலையில் பயன்பாட்டுச் சூழல்

1989 ஆம் ஆண்டில் வட ஆற்காடு மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட மாவட்டத்தின் தலைநகராகவும், அருணாசலேசுவரர் கோயில் அமைந்த ஊராகவும் விளங்கும் திருவண்ணாமலை, ஒளிநகல் எந்திரங்களுக்கு ஒரே நேரத்தில் பல சுமைகளைத் தரும் ஊர்களுக்கு நல்ல எடுத்துக்காட்டு. வேங்கிக்காலில் உள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலகம், நீதிமன்றம், கல்லூரிகள் ஆகியவற்றுக்கான விண்ணப்பங்களும் பத்திரங்களும் ஒருபுறம். 14 கிலோமீட்டர் கிரிவலத்துக்காக முழுநிலவு நாட்களில் வருவோர் விடுதிகளில் தங்க அளிக்கும் அடையாள அட்டைகளின் நகல்கள் மற்றொருபுறம். வெளிநாட்டினர் கடவுச்சீட்டு நகல்களையும் எடுக்க வேண்டியுள்ளது.

கார்த்திகைத் தீபத் திருவிழா நவம்பர், டிசம்பர் மாதங்களில் வருகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலமும் ஆகும். ஆகவே மக்கள் கூட்டம் மிகுந்து காணப்படும் அதே நாட்களில் காற்றின் ஈரப்பதமும் கூடுதலாக உள்ளது. ஈரம் உறிஞ்சிய தாள் தளர்ந்து, சுருண்டு, அடுத்த தாளுடன் ஒட்டிக்கொள்கிறது. அப்போது பல தாள்கள் ஒன்றாகச் சென்றால் உருளையைக் குறைகூறுமுன் தாளைச் சோதித்தல் வேண்டும். மூடிய உறையிலிருந்து புதிய தாள்களை எடுத்து இட்டதும் கோளாறு நின்றுவிட்டால், உருளையில் பழுது இல்லை எனலாம். ஏப்ரல், மே மாதங்களின் வெப்பத்தில் நிலைமை மாறுகிறது. வறண்ட தாளில் நிலைமின் தோன்றித் தாள்கள் ஒட்டுகின்றன. தெருப்புழுதியும் எந்திரத்துள் புகுகிறது. இரப்பரின் மூப்பும் விரைவாகிறது.

தமிழர் வழக்கத்தில் சாதகக் குறிப்பு, திருமண அழைப்பிதழ், புதுக்கணக்கு முதலியவற்றின் மூலைகளில் மஞ்சளோ குங்குமமோ தடவுவர். இத்தாள்கள் தானியங்கு ஊட்டியின் வழியே செல்லும்போது மஞ்சள் தூள் உருளையில் ஒட்டி அதன் பிடிப்பைக் குறைக்கிறது. அடுத்து வரும் வேறொருவரின் ஆவணத்திலும் கறையாகப் படிகிறது. திருநீறு பட்ட கைகளால் தாளடுக்கைத் தொடுவதும் தூசினைக் கூட்டும். இத்தகைய தாள்களைக் கண்ணாடித் தட்டின் மீது வைத்து நகலெடுத்தலே ஏற்றது.

அறிகுறிகள்

- எந்திரம் சுழலும் ஒலி கேட்டும் தாள் நகராமை: எடுப்பு உருளையில் தூசு அல்லது மெருகேறல்.
- ஒரு தட்டில் மட்டும் கோளாறு, மற்றொரு தட்டில் தாள் சரியாக வருதல்: அத்தட்டின் உருளையில் மட்டும் குறை.
- பல தாள்கள் ஒன்றாகச் செல்லுதல்: பிரிப்புப் பட்டைத் தேய்வு, பின்னோட்ட உருளைத் தேய்வு அல்லது தாளின் ஈரம்.
- தாள் கோணலாகச் செல்லுதல்: உருளையின் ஒருபக்கத் தேய்வு, அல்லது தட்டின் வழிகாட்டிகள் தாளை ஒட்டி நில்லாமை.
- தாளின் முன்விளிம்பில் அழுக்குத் தடம்: உருளை வழுக்கித் தாளின் மீது உரசுதல்.

படியில் கறை ஒன்று ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தால், அவ்விடைவெளி ஏதோ ஓர் உருளையின் சுற்றளவு ஆகும். எடுத்துக்காட்டாக, 16 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளை ஏறத்தாழ 50 மில்லிமீட்டருக்கு ஒருமுறை தடம் பதிக்கும்.

துப்புரவு செய்யும் முறை

எந்திரத்துடன் வரும் கையேட்டின் அறிவுறுத்தல்களே முதன்மையானவை. பொதுவான வரிசை பின்வருமாறு அமையும்.

1. எந்திரத்தை நிறுத்தி மின்செருகியைக் கழற்றுதல் வேண்டும். சூடாக்கும் பகுதி 180 பாகை செல்சியசை ஒட்டிய வெப்பம் உடையதாதலால், அது ஆறும் வரை குறைந்தது அரை மணி நேரம் காத்திருத்தல் நன்று.
2. தாள் தட்டை வெளியே எடுத்தல். மைத்தூள் பேழையை எடுக்க நேர்ந்தால் அதன் மீது ஒளி படாதவாறு மூடிவைத்தல்.
3. தளர்ந்து கிடக்கும் தூசினை மென்தூரிகையால் வெளிப்புறமாகத் துடைத்தல். வாயால் ஊதினால் எச்சில் ஈரமும், அழுத்தக் காற்றைப் பீச்சினால் தூசும் உட்பகுதிகளுக்குச் செல்லும்.
4. நூலிழை உதிராத துணியைத் தூய நீரில் நனைத்து, சொட்டாதவாறு பிழிந்து, உருளையின் நீளவாக்கில் துடைத்தல். உருளையைச் சிறிது சிறிதாகச் சுழற்றி முழுச் சுற்றையும் முடித்தல் வேண்டும். துணியில் சாம்பல் நிறம் படியாத வரை இதனைத் திரும்பச் செய்தல் வேண்டும்.
5. நீரில் நீங்காத பிசுக்கு இருந்தால், கையேடு இசையுமானால் மட்டும், துணியில் சிறிதளவு ஐசோபுரொப்பைல் ஆல்ககால் இட்டுத் துடைத்தல். இது எளிதில் தீப்பற்றுவது. கடையில் சாமி படத்தின் முன் விளக்கு, ஊதுவத்தி, கற்பூரம் எரியும்போது இதனைத் திறத்தல் கூடாது.
6. பிரிப்புப் பட்டையையும் பின்னோட்ட உருளையையும் அவ்வாறே துடைத்தல். எடுப்பு உருளையை மட்டும் துடைத்தால் பிடிப்புக் கூடிய உருளை இரண்டு தாள்களை ஒன்றாக இழுக்க நேரலாம்.
7. 10 முதல் 15 நிமிடங்கள் உலரவிடுதல். துடைத்த பரப்பை விரலால் தொடாதிருத்தல்.
8. தாள்களை விசிறிவிட்டு, விளிம்பு ஒழுங்காக்கித் தட்டிலிட்டு, 20 தாள்கள் வரை ஓட்டிப் பார்த்தல்.

நாள்தோறும் பல நூறு நகல்கள் எடுக்கும் கடைகளில் மாதம் ஒருமுறையும், மழைக்காலம் தொடங்குமுன் ஒருமுறையும் இவ்வாறு செய்தல் பயன்தரும். எஞ்சிய தாள்களை உறையிட்டு, தரையிலிருந்து உயர்த்தி வைத்தலும் இப்பராமரிப்பின் ஒரு பகுதியே ஆகும்.

தொடக்கூடாத உருளைகள்

எந்திரத்துள் காணப்படும் எல்லா உருளைகளும் தாளூட்டு உருளைகள் ஆகா. கருப்பு நிறப் பஞ்சு போன்ற இடமாற்ற உருளை மின்புலத்தால் மைத்தூளைத் தாளுக்கு ஈர்ப்பது. அதனைக் கையாலும் ஈரத்துணியாலும் தொட்டால் படிகளில் வெளிறிய தடங்கள் தோன்றும். பளபளக்கும் பச்சை அல்லது நீல நிற ஒளியுணர் உருளையில் கீறலோ கைரேகையோ பட்டால் அது எல்லாப் படிகளிலும் தெரியும். உருளையை இனங்காணாமல் துடைக்கத் தொடங்குவதால், சிறிய பழுது பெருஞ்செலவாக மாறக்கூடும்.

தவிர்க்க வேண்டியவை

பெட்ரோல், மண்ணெண்ணெய், தின்னர், நகப்பூச்சு நீக்கி ஆகியவற்றைப் பயன்படுத்தலாகாது. இயற்கை இரப்பரும் எத்திலீன்-புரொப்பிலீன்-டையீன் இரப்பரும் பெட்ரோலிய நீர்மங்களில் உப்பிப் பருத்து உருக்குலையும். முதலில் பிடிப்புக் கூடியது போலத் தோன்றினாலும், விரைவில் மேற்பரப்பு பிசுபிசுத்து வெடிப்புறும். அசிட்டோன் அருகிலுள்ள நெகிழிப் பகுதிகளைக் கரைக்கும். தேங்காய் எண்ணெய், எந்திர எண்ணெய், முகப்பூச்சு மாவு ஆகியவை உராய்வைக் குறைப்பவை. உருளைக்கு வேண்டுவதோ அதற்கு நேர்மாறானது.

தற்காலிகத் தீர்வுகள்

மணல்தாளால் உருளையைச் சொரசொரப்பாக்கும் வழக்கம் கடைகளில் உள்ளது. இதனால் மெருகு நீங்கிச் சில காலம் தாள் செல்லும். ஆயினும் உருளையின் விட்டம் குறைவதால் தாள் செல்லும் வேகமும் குறைகிறது. தேய்வு சீராக அமையாவிடின் தாள் கோணலாகும். உதிரும் தூளும் எந்திரத்துள் தங்கும். கழற்றத்தக்க இரப்பர் உறையை உட்புறம் வெளியாகத் திருப்பிப் போடுவதும் உண்டு. உட்புறம் உரசலுக்கு ஆட்படாததால் இது மணல்தாளைவிடத் தீங்கு குறைந்தது. ஆனால் மூப்பினைத் தீர்க்காது.

இரப்பரைப் புதுப்பிக்கும் நீர்மங்கள் எனச் சிலவும் விற்கப்படுகின்றன. இவற்றில் சைலீன், மெத்தில் சாலிசிலேட்டு முதலிய கரைப்பான்கள் இருக்கும். இவை கடினமான மேற்பரப்பைச் சிறிது உப்பச் செய்து மென்மையாக்குகின்றன. பலன் நிலைப்பதில்லை. இவற்றின் ஆவி நச்சுத்தன்மை உடையதாதலால், காற்றோட்டமான இடத்தில் கையுறை அணிந்தே கையாளுதல் வேண்டும். உதிரி கிடைக்காத பழைய எந்திரங்களுக்கு மட்டுமே இவை பொருந்தும்.

மாற்றுதல்

பின்வருவன காணப்பட்டால் துப்புரவால் பயனில்லை:

- துடைத்த பின்னும் பளபளப்பும் கடினமும் நீங்காமை
- நுண்ணிய வெடிப்புகள், தட்டையான பகுதிகள், ஒருபக்கத் தேய்வு
- துடைத்ததால் வந்த பலன் சில நாட்களிலேயே மறைதல்

உருளையின் ஆயுள் எந்திரத்தின் மாதிரியைப் பொறுத்துச் சில பத்தாயிரம் தாள்கள் முதல் சில இலட்சம் தாள்கள் வரை வேறுபடும். எடுப்பு உருளை, ஊட்டு உருளை, பிரிப்புப் பகுதி ஆகியவற்றை ஒருசேர மாற்றுதல் நல்லது; ஒன்று புதிதாகவும் மற்றவை பழையனவாகவும் இருந்தால் மூன்று உராய்வுகளின் ஒழுங்கு சமனற்றுப் போகும். சில உருளைகளின் அச்சில் ஒருதிசைப் பிடிப்பி அமைந்துள்ளதால், கழற்றுமுன் திசையைக் குறித்துக்கொள்ளுதல் வேண்டும். தாள் எண்ணிக்கையைக் கணக்கிட்டு எச்சரிக்கும் எந்திரங்களில், மாற்றிய பின் அக்கணக்கைச் சுழியமாக்குதல் வேண்டும்.

தாள் எடுக்காத ஓர் எந்திரம் முழுவதுமே பழுதடைந்ததாகக் கருதப்பட்டு மின்னணுக் கழிவாவதும் உண்டு. விலை குறைந்த இரப்பர் உறுப்பொன்றின் நிலையைச் சோதித்தல் இவ்விழப்பைத் தவிர்க்கும்.

மூல ஆவணங்களின் பாதுகாப்பு

வெற்றுத்தாள் சிக்கிக் கிழிந்தால் இழப்பு ஒரு தாள் மட்டுமே. தானியங்கு மூலத்தாள் ஊட்டியில் கிழிவது மூல ஆவணம் ஆகும். வழுக்கும் உருளை ஒரு விளிம்பை இழுத்து மற்றொன்றை விட்டுவிடும்போது தாள் மடிந்து கிழிகிறது. பழைய கிரயப் பத்திரம், கையெழுத்துச் சாதகம், சான்றிதழ், மடிப்பில் தேய்ந்த தாள், ஒட்டுப்போட்ட தாள், தைப்பூசி நீக்கப்படாத தாள் ஆகியவற்றை ஊட்டியில் இடலாகாது. இவற்றைக் கண்ணாடித் தட்டில் ஒவ்வொன்றாக வைத்தே நகலெடுத்தல் வேண்டும். ஆவணத்துக்கு உரியவர் இதனைக் கடைக்காரரிடம் முன்னரே கேட்டுக்கொள்ளலாம். சிக்கிய மூலத்தாளை வேகமாக இழுக்காமல், மூடியைத் திறந்து, உருளையின் அழுத்தத்தை நீக்கி, தாள் செல்லும் திசையிலேயே இரு கைகளாலும் மெதுவாக எடுத்தல் வேண்டும்.

இவற்றையும் பார்க்க

- ஒளிநகல் எந்திரம்
- சீரொளி அச்சுப்பொறி
- உராய்வு
- இரப்பர்
- காகிதம்
- மின்னணுக் கழிவு